குழந்தையைக் காட்ட மறுத்தால் கோர்ட் என்ன செய்யும்?

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் லால்பாக் எக்ஸ்பிரஸ் நின்று புறப்பட்டதும் கையில் துணிப்பையோடு வெளியே வரும் ஒருவரை அங்குள்ள ஆட்டோ டிரைவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவர் வந்துவிடுவார். பையில் பிஸ்கட் பாக்கெட், கலர் பென்சில் டப்பா, சில சமயம் ஒரு கவுன். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஸ்டேஷனுக்குத் திரும்பியும் விடுவார். பையில் வைத்தது வைத்தபடியே இருக்கும்.

அவர் பெங்களூர் மகாதேவபுரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மகளுக்கு வயது ஏழு. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பெங்களூர் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்று மூன்று வருடமாகிறது. குழந்தை தாயிடம் வளரும், தந்தை வந்து பார்க்கலாம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நீதிபதியும் அதையே உத்தரவாக்கினார். அதன் பிறகு அந்தப் பெண் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஜோலார்பேட்டையில் தாய்வீட்டோடு போய்விட்டார்.

இவர் முதல் தடவை போனபோது குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த தடவை உறவில் கல்யாணம். அதற்கடுத்து பாட்டு வகுப்பு. ஒரு நாள் வாசல் கதவே திறக்கவில்லை. குழந்தையின் தாத்தா ஜன்னல் வழியாகப் பேசினார். "தம்பி, பாப்பா தூங்குது. அடுத்த வாரம் போன் பண்ணிட்டு வாங்க." போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடிற்று.

"கோர்ட் உத்தரவு கையில் இருக்கிறதே, போலீசில் கொடுத்தால் நடக்காதா?" என்று தொழிற்சாலை நண்பர்கள் கேட்டார்கள். ஸ்டேஷனுக்கும் போனார். "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இப்படிப் போகிறவர்கள் பலருக்கும் கிடைக்கும் பதில் இதுதான். எரிச்சல் தரும் பதிலானாலும், சட்டப்படி பார்த்தால் பெரும்பாலும் சரியான பதிலே.

உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது?

வக்கீலிடம் போனபோது அவர் முதலில் கேட்டது உத்தரவின் சான்றிட்ட நகலைத்தான். ஆங்கிலத்தில் இருந்த அந்தக் காகிதத்தை நம்மவர் வாங்கிய நாளிலிருந்து படித்துப் பார்த்ததே இல்லை. கர்நாடகத்தில் உள்ள தமிழர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. கோர்ட் காகிதம் கன்னடத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

அதில் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி. தந்தை இரு தரப்புக்கும் வசதியான நேரங்களில் குழந்தையைப் பார்க்கலாம் என்று. வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாராம்: "சார், இதை அவங்க மீறவே இல்லையே. வசதிப்படலைன்னு சொல்லிட்டாப் போச்சு."

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உத்தரவை மீறினார் என்று நிரூபிக்க வேண்டுமானால், உத்தரவில் மீறக்கூடியதாக ஏதாவது இருக்க வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த இடத்தில், குழந்தையைக் கொண்டுவந்து விடுவது யார், திரும்ப அழைத்துப் போவது யார், பள்ளி விடுமுறையில் எத்தனை நாள், பொங்கலும் தீபாவளியும் யார் வீட்டில், ஒரு முறை தவறினால் ஈடாக எந்த நாள் என்பதெல்லாம் எழுதியிருந்தால்தான் அது கோர்ட்டில் நிற்கும். விவாகரத்துக் கேட்டு நிற்கும் நேரத்தில் யாருக்கும் இதற்குப் பொறுமை இருப்பதில்லை. எப்படியாவது கையெழுத்தாகிவிட்டால் போதும் என்று இருக்கிறார்கள். பின்னால் அந்த ஒரு வரிக்காக வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

இதைத் திருத்த வழி உண்டு. 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, குழந்தைகளைப் பற்றிய உத்தரவை விவாகரத்து முடிந்த பிறகும் மாற்றவும், நிறுத்திவைக்கவும், ரத்து செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டத்திலும், கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்திலும் குழந்தைகளைப் பற்றிய பிரிவுகள் உள்ளன. முஸ்லிம்கள் உட்பட எல்லா மதத்தினரும் 1890-ஆம் வருட காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின் கீழ் போகலாம். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் 1973-லேயே தீர்ப்பாகிவிட்டது: குழந்தை யாரிடம் இருப்பது என்ற உத்தரவு கல்லில் வெட்டியது அல்ல, குழந்தையின் நலனுக்கு வேண்டுமானால் மாற்றலாம்.

ஃபிட்டர் அதைத்தான் முதலில் செய்தார். மனுப் போட்டு, நாலைந்து வாய்தாவுக்குப் பின் புது உத்தரவு வாங்கினார். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை. தாத்தா குழந்தையை ஜோலார்பேட்டை ஸ்டேஷன் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். தந்தை அதே இடத்தில் திரும்ப விட வேண்டும். உத்தரவு வந்த பிறகு இரண்டு சனிக்கிழமை ஒழுங்காக நடந்தது. மூன்றாவது தடவை யாரும் வரவில்லை.

நிறைவேற்று மனு

தெளிவான உத்தரவு இருந்தும் மீறினால் முதலில் எடுக்க வேண்டிய வழி நிறைவேற்று மனு. கோர்ட் வட்டாரத்தில் 'இ.பி.' என்று சொல்வார்கள். கடன் பாக்கிக்காக டிகிரி வாங்கியவர் போடுவாரே, அதே மனுதான். 1984-ஆம் வருட குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 18-வது பிரிவு, குடும்ப நீதிமன்ற உத்தரவுக்கு சிவில் கோர்ட் டிகிரியின் பலம் உண்டு என்கிறது.

நிறைவேற்றும் முறை சிவில் நடைமுறைச் சட்டத்தில் 21-வது ஆணையின் 32-வது விதியில் இருக்கிறது. உத்தரவுக்குக் கீழ்ப்படிய வாய்ப்பு இருந்தும் ஒருவர் வேண்டுமென்றே கீழ்ப்படியவில்லை என்று தெரிந்தால் அவர் சொத்தை ஜப்தி செய்யலாம், சிவில் ஜெயிலில் வைக்கலாம். 'வேண்டுமென்றே' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் காய்ச்சல் என்றால் அது மீறல் ஆகாது. தொடர்ந்து ஒன்பது சனிக்கிழமை காய்ச்சல் என்றால் நீதிபதி டாக்டர் சீட்டு கேட்பார்.

ஆகவே கணக்கு வைத்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நம் ஃபிட்டர் கெட்டிக்காரர். போய்வந்த ரயில் டிக்கெட்டுகளை ஒரு கவரில் சேர்த்து வைத்திருந்தார். ரிசர்வ் செய்யாத டிக்கெட்டிலும் வாங்கிய தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். அச்சு மங்குவதற்குள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். ஸ்டேஷன் வாசலிலிருந்து ஒவ்வொரு தடவையும், 'வந்திருக்கிறேன், பாப்பாவை அழைத்து வரவும்' என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினார். திட்டி ஒரு வார்த்தை இல்லை. இ.பி. விசாரணைக்கு வந்தபோது அந்தக் கவரும் அந்தச் செய்திகளும் வக்கீலின் வாதத்தைவிட நன்றாகப் பேசின.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். உத்தரவு பெங்களூரில், குழந்தை தமிழ்நாட்டில், எங்கே போவது? உத்தரவு கொடுத்த கோர்ட்டிலேயே மனுப் போடலாம். அந்தக் கோர்ட் வேண்டுமானால் எதிர்த்தரப்பார் இருக்கும் ஊரிலுள்ள குடும்ப நீதிமன்றத்துக்கோ, சாதாரண சிவில் கோர்ட்டுக்கோ உத்தரவை நிறைவேற்ற அனுப்பிவைக்கும். அதற்கும் 18-வது பிரிவிலேயே இடம் இருக்கிறது. ஆனால் 1890-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் குழந்தையை வளர்க்கும் பொறுப்பையே கேட்டுப் புதிதாக மனுப் போடுவதானால், குழந்தை வழக்கமாகக் குடியிருக்கும் ஊரின் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு மாநிலத்து வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றக் கேட்டு உச்ச நீதிமன்றம் போகிறவர்களும் உண்டு. கைக்குழந்தையோடு பெண் அலைய முடியாது என்று பார்த்து உச்ச நீதிமன்றம் பல வழக்குகளை மாற்றிக் கொடுத்திருக்கிறது. பெங்களூரில் வழக்கு நடத்துகிற ஆண்கள் இதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

நூறு ரூபாய் அபராதம்

வேடிக்கையான சட்டம் ஒன்றும் உண்டு. அந்த 1890-ஆம் வருடச் சட்டத்தின் 45-வது பிரிவு, குழந்தையைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லியும் ஆஜர்படுத்தாதவருக்கும், காப்பாளரிடம் திரும்ப ஒப்படைக்கச் சொல்லியும் அதற்கு முயலாதவருக்கும் தண்டனை சொல்கிறது. 100 ரூபாய் வரை அபராதம். பிடிவாதம் பிடித்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வரை. ஆனால் மொத்தம் 500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வெள்ளைக்காரர் காலத்தில் நூறு ரூபாய் என்பது பெரிய தொகை. இன்று கிருஷ்ணராஜபுரத்திலிருந்து வக்கீல் ஆபீசுக்கு ஆட்டோவில் போகவே காணாது. எனினும் அதே பிரிவில், குழந்தையைக் கொண்டுவருகிறேன் என்று உறுதி சொல்லும் வரை சிவில் ஜெயிலில் வைக்கலாம் என்றும் இருக்கிறது. அது மட்டும் பழசாகவில்லை.

கோர்ட் அவமதிப்பு வழக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 1971-ஆம் வருடச் சட்டப்படி ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்ப நீதிமன்ற உத்தரவை மீறியதற்காகத் தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. மீறல் நடந்து ஒரு வருடத்துக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே போனதும், இ.பி. போட்டீர்களா, அதற்குள் இங்கே ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி வரலாம். எதிர்த்தரப்பார் மன்னிப்புக் கேட்டால் வழக்கு அத்தோடு முடிந்துவிடவும் கூடும். செலவும் அதிகம். முதல் கோபத்தில் எடுக்க வேண்டிய ஆயுதம் அல்ல இது.

ஆள்கொணர்வு மனு, அதாவது ஹேபியஸ் கார்பஸ், போடச் சொல்லி யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். குழந்தையை வைத்திருப்பவர் சட்டப்படி உரிமை இல்லாமல் வைத்திருந்தால்தான் அந்த மனு எடுபடும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. கோர்ட்டே தாயிடம் குழந்தையைக் கொடுத்திருக்கும்போது, சனிக்கிழமை காட்டவில்லை என்பதற்காக அதைப் போட முடியாது. கோர்ட் உத்தரவை மீறி ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறைந்துவிட்டால் அது வேறு கதை.

அப்படித் தூக்கிக்கொண்டு போகும் எண்ணம் காத்திருந்து அலுத்தவர்களுக்கு வருவதும் உண்டு. பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, 'நான் அப்பாதானே' என்று அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதோடு அதுவரை சேர்த்த நியாயமெல்லாம் போயிற்று. உத்தரவை மீறியவர் என்ற பெயர் இவருக்கு வரும். கிரிமினல் புகாரும் வரலாம்.

ஜீவனாம்சத்தை நிறுத்தியது

ஃபிட்டரின் வழக்கில் எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண் எதிர்மனுவில் எழுதியதைப் படித்தால் அவர் பக்கமும் ஓரளவு புரிகிறது. இவர் முதல் வருடத்தில் இரண்டு தடவை குழந்தையை இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விட்டிருக்கிறார். பெங்களூரிலுள்ள அத்தை வீட்டில் குழந்தையின் எதிரிலேயே தாயைப் பற்றி யாரோ தாறுமாறாகப் பேசியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையைக் காட்டவில்லை என்ற கோபத்தில் இவர் இரண்டு மாதம் ஜீவனாம்சத்தை நிறுத்திவிட்டார்.

வக்கீலுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது. "காட்டலைன்னா காசு இல்லைன்னு சொல்றதுக்கு இது என்ன சினிமா டிக்கெட்டா சார்? நாளைக்கே கட்டிட்டு ரசீதோட வாங்க" என்றார். ஜீவனாம்சம் குழந்தையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும். பார்க்கும் உரிமைக்கும் அதற்கும் சட்டத்தில் முடிச்சுப் போடவில்லை. கட்டாமல் விட்டால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த 144-வது பிரிவின்படி, ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை ஜெயில் உண்டு. பணம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும் இதே அளவு தவறு. பணத்துக்குத் தனி மனு, பார்ப்பதற்குத் தனி மனு.

உண்மையிலேயே பயம் இருக்கிற தாய்மார்களும் உண்டு. குடித்துவிட்டு வருகிறார், அடிக்கிறார், குழந்தையிடம் முறைகேடாக நடக்கிறார் என்றால் வாயை மூடிக்கொண்டு அனுப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தாமாகக் கதவைப் பூட்டிக்கொள்ளாமல் உடனே கோர்ட்டுக்குப் போக வேண்டும். 2005-ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-வது பிரிவில், குழந்தைக்குத் தீங்கு வரும் என்று கண்டால் பார்க்கும் அனுமதியையே மாஜிஸ்திரேட் மறுக்கலாம். கவுன்சிலர் முன்னிலையில் கோர்ட்டிலேயே சந்திக்கும்படி குடும்ப நீதிமன்றமும் சொல்லலாம்.

தகப்பன் வைத்துக்கொண்டு தாய்க்குக் காட்டாத வீடுகளும் இருக்கின்றன. தாத்தா பாட்டி ஊரில் குழந்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பெங்களூரில் வேலை பார்க்கும் தாயை அலைய வைக்கிறார்கள். மேலே சொன்ன எல்லா வழிகளும் அவருக்கும் பொருந்தும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பது 1956-ஆம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு.

நீதிபதியின் சங்கடம்

சட்டத்தில் இத்தனை இருந்தும் ஜெயில் என்பது அபூர்வம். காரணம் எளிது. குழந்தையை வளர்க்கும் தாயை ஜெயிலுக்கு அனுப்பினால் அன்றிரவு குழந்தை யாரிடம் படுக்கும்? ஜப்தி செய்தால் அந்த வீட்டில்தானே குழந்தை இருக்கிறது? ஆகவே நீதிபதிகள் முதலில் எச்சரிப்பார்கள், சமரச மையத்துக்கு அனுப்புவார்கள், தவறிய நாட்களுக்கு ஈடு நாள் கொடுப்பார்கள், போக்குவரத்துச் செலவைக் கட்டச் சொல்வார்கள். எதற்கும் மசியாதவர்களுக்கு இருக்கும் பெரிய பயம் ஜெயில் அல்ல. குழந்தையையே மறுபக்கத்திடம் மாற்றிக் கொடுத்துவிடுவார்களோ என்பதுதான். அது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017-ல் உச்ச நீதிமன்றம், சிறு வயதிலிருந்தே தந்தையிடம் வளர்ந்த ஒரு பெண் குழந்தையைத் தாயிடம் ஒரு வருடத்துக்கு ஒப்படைக்கச் சொன்னது. ஒரு பெற்றோர் மீது வெறுப்பு வரும்படி குழந்தையின் மனத்தை மற்றவர் திருப்புவதைப் பற்றி அந்தத் தீர்ப்பில் விரிவாகப் பேசப்பட்டது.

2020-ல் வந்த இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோருக்குத் தினமும் ஐந்து முதல் பத்து நிமிஷம் குழந்தையுடன் பேச உரிமை இருக்க வேண்டும், வீடியோ அழைப்பு கிடைக்குமானால் அதுவே நல்லது என்றது உச்ச நீதிமன்றம். ஊர் விட்டு ஊர் இருப்பவர்கள் தங்கள் உத்தரவில் இதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டு வேலைக்குப் போகும் சாத்தியம் உள்ள குடும்பமானால், கோர்ட் அனுமதி இல்லாமல் குழந்தையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்ற தடையுத்தரவையும் முன்கூட்டியே கேட்பது நல்லது. குழந்தைகளை நாடு கடத்துவது பற்றிய 1980-ஆம் வருட ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. போன பிறகு திரும்ப அழைப்பது பெரும்பாடு.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. பெங்களூரில் எச்.சித்தையா ரோட்டிலுள்ள 'நியாய தேகுல' கட்டிடத்திலேயே சட்ட உதவி ஆணையமும் சமரச மையமும் உள்ளன. 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். நம் ஃபிட்டருக்கே இது தெரியாமல் முதல் வக்கீலுக்குக் கைப்பணம் கொடுத்துவிட்டார்.

அவருடைய இ.பி.யில் நீதிபதி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார். ஜீவனாம்சப் பாக்கியைக் கட்டிய ரசீதைப் பார்த்தார். டிக்கெட் கவரையும் பார்த்தார். தவறிய சனிக்கிழமைகளில் ஆறுக்கு ஈடாகக் கோடை விடுமுறையில் ஆறு நாள், இனி ஒரு தடவை தவறினாலும் ஜப்தி பற்றி உத்தரவு என்று எழுதினார். மாலை 5 மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் தந்தை மீது நடவடிக்கை என்றும் சேர்த்தார்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை தாத்தா குழந்தையோடு ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். குழந்தை தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடவே இல்லை. அப்பா என்று கூப்பிடவும் இல்லை. தாத்தாதான், "போம்மா, சாயந்திரம் நான் இங்கேயே இருப்பேன்" என்றார். அன்று 4.40-க்கே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார் ஃபிட்டர். கலர் பென்சில் டப்பா குழந்தையின் கையில் இருந்தது. நான்காவது சனிக்கிழமைக்கு அவர் டிக்கெட் எடுத்துவிட்டார்.